விதி கடந்து விதி வகுத்த வள்ளலார்

சிலாபம் என்னும் ஊர்ப்பெயர், முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லினடியாகப் பிறந்தது என்பர். தெற்கே அச்சிலாபமும் முன்னேசுவரமும், நடுவே உடப்பும் முந்தலும், வடக்கே புத்தளமும் கற்பிட்டியுமாக நீண்டு கிடக்கும் நமது கரையிலே மந்திரம் அறியாத ஊர் இல்லை. நூல் கட்டுதலும், தேசிக்காய் வெட்டுதலும், கழிப்புக் கழித்தலும் நாம் எல்லோரும் சிறுபராயத்திலே கண்டவையே. ஆடி மாதத்திலே உடப்புத் திரௌபதையம்மன் சந்நிதியிற் தீமிதிக்கும் அடியவரைக் கண்டு மெய்சிலிர்க்காதவர் நம்முள் யார்?

இக்கடலிலேயே ஒரு பழைய மந்திரத் தொழில் இருந்தது. முத்துக் குளிப்போரைச் சுறாமீன் தீண்டாவண்ணம் கடலைக் கட்டும் தொழில் அது. அதனைச் செய்வோனுக்குக் கடல்கட்டி என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்துப் பயணி அக்காலத்துக் கடல்கட்டிகளைப் பற்றி எழுதியுள்ளான். குளிப்பிற் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குரியது. பகலிற் கட்டிய கட்டை இரவிலே அவிழ்த்துவிடுவர், திருடர் அஞ்சுதற் பொருட்டு. முத்துத் தோணிகள் முதலிற் கூடும் இடமாக அவன் கூறும் துறை நம் புத்தளமே என அவனது நூலுக்கு உரை வகுத்த யூல் என்னும் அறிஞர் கொண்டனர். இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனந்து 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலிலே இதனினும் சுவையான செய்தியொன்றைக் குறித்துவைத்தார். அவர் முத்துக்குளிப்பைக் காணச் சென்றபோது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் நோயுற்றிருந்தமையால் வரவில்லை. தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவர், தமக்கு அந்த மந்திரம் தெரியாது என்பதையும், ஆயினும் தலைவரின் பதிலாளாகத் தாம் அங்கு நிற்பதொன்றே சுறாக்கள் மதித்து விலகுவதற்குப் போதும் என்பதையும் சிறிதும் கூசாது தெரிவித்தார். அக்குடும்பத் தலைவரோ கத்தோலிக்கர்! மதம் மாறியும் தொழில் மாறவில்லை. அதனால் மந்திரத்தின் மதிப்பும் குறையவில்லை.

இதனை வாசிக்குந்தோறும் நமக்கு நகை பிறப்பதுண்டு. ஆயின் நகைத்துவிட்டு அப்பாற் செல்ல முடியாத வினா ஒன்று இதன்கண் உளது. கிரியையின் ஆற்றல் எங்கே இருக்கின்றது? வழிவழி வந்த செய்முறையிலா, அன்றிச் செய்பவனுடைய உள்ளத்திலா? செய்முறையில் எனின், பொருளறியாத பதிலாளும் போதும். உள்ளத்தில் எனின், முன்னோர் வகுத்த முறை எதற்கு? உள்ளம் கனிந்த ஒருவன் தனக்கென ஒரு முறையைத் தானே ஆக்கிக்கொள்ளலாமா? இவ்வினாவைத் தம் வாழ்க்கை முழுவதும் வைத்து வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் வடலூர் இராமலிங்க வள்ளலார்.

ஈழத்து இந்துக் கல்லூரி ஒன்றின் மலரிலே வள்ளலார் வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நம்முடைய கல்லூரிகள் யாவும் யாதேனும் ஒரு வகையில் ஆறுமுக நாவலர் மூட்டிய விளக்கிலே கொளுத்திய விளக்குகள். நாவலரோ வள்ளலாரை மறுத்து எழுதியவர். அவர்மீது வழக்கும் தொடுத்தவர். நம் கோயில்களிற் பஞ்சபுராணம் ஓதுங்கால் அருட்பா சேர்க்கப்படுவதில்லை என்பதையும் யாவரும் அறிவர். அதனாலேயே இவ்வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரிலே இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். நாவலர் பிறந்தது அதற்கு முந்திய ஆண்டு. ஐந்து திங்கட் குழவியாயிருந்த காலத்துப் பெற்றோர் அவரைச் சிதம்பரத்துக்குக் கொண்டு சென்றனர் என்றும், இரகசியத் திரையைத் தூக்கிக் கற்பூரம் காட்டியபோது குழந்தை கலகலவென நகைத்தது என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். ஐந்து மாதக் குழந்தை நகைப்பது அரிய செய்தியன்று. ஆயினும் அத்திரையை வாசகர் மனத்திற் கொள்வாராக; ஐம்பது ஆண்டு கழிந்தபின் அது வேறோரிடத்திலே மீண்டும் தொங்கக் காண்போம்.

தந்தையார் விரைவிலே காலமானார். தாயார் பிள்ளைகளுடன் பொன்னேரிப் பக்கத்திலே சிலகாலம் தங்கிப் பின் சென்னைக்கு வந்து ஏழுகிணற்றுப் பகுதியிற் குடியமர்ந்தார். மூத்த தமையனார் சபாபதிபிள்ளை புராணம் சொல்லிக் குடும்பத்தைக் காத்தார். தம்பியையும் தம்மைப் போலப் பண்டிதராக்க விரும்பிக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பள்ளிக்குச் செல்வதை விடுத்துக் கந்தகோட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். தமையனார் சினந்து வீட்டுக்கு வரவேண்டாம் என்று கூறியதும், அண்ணியார் ஒளித்து அன்னமிட்டதும், பின் மனந்திருந்தி வீடு திரும்பியதும் பலரும் அறிந்த கதை.

வீடு திரும்பியவர் மேல்மாடி அறையொன்றைத் தமக்கெனக் கேட்டார். படிப்பதற்கு என்றே வீட்டார் எண்ணினர். அவ்வறையிலே அவர் செய்ததுதான் வியத்தற்குரியது. சுவரிலே ஒரு கண்ணாடியைச் சார்த்தினார். அதன்முன் விளக்கை ஏற்றினார். மலர் சூட்டிக் கண்ணாடியையே நோக்கித் தியானித்திருந்தார். அக்கண்ணாடியிலே தணிகை முருகன் தமக்குக் காட்சி தந்தான் எனப் பிற்காலத்திற் பாடினார். அப்போது அவருக்கு வயது ஒன்பது. விக்கிரகம் இல்லை, தீட்சை இல்லை, குருவும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு சிறுவன். எந்த ஆகமத்தைப் பார்த்து அவர் இதனைச் செய்தார்? எதனையும் பார்த்தன்று. தாமே ஆக்கிக்கொண்டார்.

நிற்க. பன்னிரண்டாம் வயதளவிலே, நோயுற்ற தமையனாருக்குப் பதிலாகச் சோமு செட்டியார் என்பார் இல்லத்திற் பெரியபுராணம் விரித்துரைத்து அவையோரைத் திகைக்க வைத்தார் என்பர். பின் நெடுங்காலம் நாடோறும் திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டார். 1850ஆம் ஆண்டு, வீட்டாரின் வற்புறுத்தலுக்கு இசைந்து தமக்கை மகளை மணந்தார். அன்றிரவே திருவாசகத்தைக் கையிலெடுத்து ஓதத் தொடங்கினார் எனின், அவ்வில்லறம் எத்தகையது என விரிக்க வேண்டுவதில்லை. அவ்வம்மையாரின் நிலையை நினைப்பார் அக்காலத்தில் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இடையிலே நூற்பதிப்பிலும் ஈடுபட்டார். 1851 இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855 இல் தொண்டமண்டல சதகத்தையும் பதிப்பித்தார். 1854 இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார். மரபறியாதவர் மரபை மீறினார் என்று எவரும் அவரைக் குறைகூற இயலாது என்பதற்காகவே இவற்றை எடுத்துரைத்தோம்.

1858ஆம் ஆண்டு சென்னையின் ஆரவாரம் பிடியாது தென்னார்க்காட்டுக்குப் பெயர்ந்து, கருங்குழி என்னும் சிற்றூரிலே வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அற்புதங்கள் பலவாகப் பேசப்படுவது இக்காலத்தைப் பற்றியே. எண்ணெய்க் கலயம் என நினைத்துத் தண்ணீர்க் கலயத்தை எடுத்து அவர் ஊற்றிவர, விளக்கு இரவெல்லாம் எரிந்தது என்பது அவற்றுட் பெயர்பெற்றது. சென்னை நண்பர்க்கு எழுதிய பாடலொன்றிலே தாமும் அதனைக் குறிப்பிடுகின்றார். பொன்செய்யும் வித்தை அறிந்திருந்தார் என்றும், செய்த பொன்னைத் தண்ணீரில் எறிந்தார் என்றும் கூறுவர். நோய் தீர்க்கும் மூலிகைகளின் குணங்களைக் குறித்துவைத்திருந்தமை மட்டும் ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றது.

இவ்வாறானவரைச் சித்தர் என்று அழைப்பது நம் வழக்கம். ஆயின் சித்தர் நெறியிலும் மரபு உண்டு. குருவின் வாய்மொழி உண்டு. மந்திர உரு எண்ணும் கணக்கு உண்டு. மூச்சை அடக்கும் படிமுறை உண்டு. இராமலிங்கர் இவற்றுள் எதனையும் தம் அடியார்க்குக் கட்டாயமாக்கவில்லை. பசித்த உயிருக்குச் சோறிடுதலும், கொலை புலை தவிர்த்தலும், இறைவனை நினைந்து உருகுதலுமே சித்தி அனைத்துக்கும் வாயில் என்றார். காவி உடுத்தாது வெள்ளை ஆடையே தரித்தார். சாமி என்னும் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்து அச்சிடுதல் ஆரவாரமாகத் தோன்றுவதால் தமக்கு உடன்பாடன்று என அன்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மந்திரவாதிகள் மலிந்த நம் கரையிலே பிறந்த நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். தன் வித்தையை மறைத்துவைத்தே மதிப்புப் பெறுவது மந்திரவாதியின் இயல்பு; இவரோ தம் வித்தையின் இரகசியம் ஒரு பிடி சோறு என்று வெளிப்பட உரைத்தார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். வடலூர்ப் பக்கத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தனர். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்கே தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். சாதி கேளாது, சமயம் கேளாது, வந்தவர்க்கெல்லாம் அன்னம் வழங்கப்பட்டது.

அதே 1867ஆம் ஆண்டிலே, மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவருடைய பாடல்களைத் தொகுத்துத் திருவருட்பா எனப் பெயரிட்டு நான்கு திருமுறைகளாக வெளியிட்டார். அதிலிருந்தே நாவலரின் மறுப்பு எழுந்தது.

இவ்விடத்து நாவலருக்கு நாம் நீதி செய்தல் வேண்டும். பொறாமையால் எழுதினார் என்று சிலர் கூறும் கூற்று அவரை அறியாதார் கூற்று. அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் தேவார திருவாசகங்களுக்கு உரியன. நம் காலத்தவர் ஒருவரின் பாடலுக்கு அவற்றை இட்டால் அளவுகோல் எங்கே நிற்கும் என்பதே அவரது வினா. அவர் தில்லைத் தீட்சிதர்களையும் விட்டாரல்லர். சிவாகமப்படி தீட்சை பெறாதார் செய்யும் பூசையைக் கண்டித்தார். ஈழத்திலே ஆடு கோழி பலியிடும் சிறுதெய்வக் கோயில்களைக் கண்டித்தார். ஆகமம் விதியாதது எதுவாயினும், தொன்மையானதாயினும் புதியதாயினும், அவருக்கு உடன்பாடன்று. வேள்வி என்ற பெயரில் ஆட்டின் கழுத்தை வெட்டுபவனையும், கண்ணாடியில் முருகனைக் கண்டேன் என்பவரையும் ஒரே கோலால் அளந்தார்.

இராமலிங்கரும் பலியைக் கண்டித்தவரே. பலியிடும் கோயில்களைக் காணுந்தோறும் தம் உள்ளம் நடுங்கியதாகப் பாடியுள்ளார். ஒருவர் ஆகமம் இடங்கொடாது என்றதால் மறுத்தார். மற்றவர் உயிர் துடிக்கின்றது என்றதால் மறுத்தார். முன்னேசுவரத்துப் பத்திரகாளி கோயில் வேள்வி 2011ஆம் ஆண்டு முதற் பெருங்கிளர்ச்சிக்கும் வழக்குக்கும் உள்ளானபோது, நம்மவர் பேசிய பேச்சுக்களில் இவ்விரு குரல்களும் கலந்து ஒலித்ததைக் கேட்டோம். வழிவழி வந்தது, விடலாகாது என்ற மூன்றாவது குரலும் உடன் ஒலித்தது. அக்குரல் நம் கடல்கட்டியின் குரல்.

1869ஆம் ஆண்டு ஆனி உத்திரத் திருநாளன்று தில்லைப் பேரம்பலத்திலே கூடிய கூட்டத்தில் இராமலிங்கர் தம்மை இழிவாகப் பேசினார் என நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றில் வழக்கிட்டார். அதே ஆண்டிற் போலியருட்பா மறுப்பும் வெளிவந்தது. இராமலிங்கர் நீதிமன்றினுள் நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் எனவும், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் எனவும் ஒரு கதை உலவுகின்றது. அழகிய கதை, ஆயின் கதையே. வழக்கு இராமலிங்கருக்குத் தண்டனையின்றி முடிந்தது என்பது மட்டும் உறுதி. அவ்விருவரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நாவலர் பக்கம் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை வாதிட்டார், அருட்பாவின் பக்கம் மறைமலையடிகளும், கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் நின்றனர். சைவர் ஒருவரின் பாடல் அருட்பாவே என நிறுவ முஸ்லிம் புலவர் ஒருவர் மேடையேறினார் என்ற செய்தி, முஸ்லிம் அன்பர்களோடு ஒரே வகுப்பிற் பயின்ற புத்தளத்தாருக்கு இனிக்கும் என எண்ணுகின்றோம்.

வள்ளலாரின் இறுதி ஆண்டுகளுக்கு வருவோம். அவர் 1865 இல் நிறுவிய சங்கத்துக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயர். 1872 இல் அப்பெயர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றப்பட்டது. வேதம் என்ற சொல் போய்ச் சுத்தம் என்ற சொல் வந்தது. ஏழே ஆண்டுகளில் அவர் நடந்த தொலைவை இவ்வொரு சொல்மாற்றம் காட்டும். இறந்தோரைச் சுடாது புதைக்க வேண்டும், கருமாதி முதலியன வேண்டா என 1871 இல் அறிவித்தார். ஒருகாலத்திற் சைவத்தின்மீது தமக்கிருந்த பற்று அளவிறந்தது என்றும், இப்பொழுது அப்பற்று நீங்கியது என்றும் 1873ஆம் ஆண்டுப் பேருபதேசத்திலே அவரே எடுத்துரைத்தார். நாவலர் அஞ்சியது வீணன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆயினும், கிரியைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்த அவர் வெறுவெளியில் நிற்கவில்லை. புதிதாக ஒரு கோயிலைக் கட்டினார். 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூரிலே சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. எண்கோண வடிவினது, அவரே வகுத்த அமைப்பு. உள்ளே மூர்த்தம் இல்லை. ஒரு விளக்கு, அதன்முன் ஆளுயரக் கண்ணாடி, அதன்முன் ஏழு திரைகள். கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என அவற்றின் நிறம். ஒவ்வொரு திரையும் ஆன்மாவை மறைக்கும் ஒவ்வொரு சத்தி. ஏழும் விலகச் சோதி தோன்றும்.

வாசகர் இப்பொழுது ஏழுகிணற்று மேல்மாடி அறையை நினைத்துக்கொள்வர். அங்கிருந்த கண்ணாடியும் விளக்குமே இங்கும் உள்ளன. தில்லையிலே தூக்கப்பட்ட திரையே இங்கு ஏழாகப் பெருகித் தொங்குகின்றது. ஒன்பது வயதுச் சிறுவன் தனக்கென ஆக்கிக்கொண்ட வழிபாட்டை நாற்பத்தெட்டு வயதில் உலகுக்கென ஆக்கினார். முற்றிலும் புதியதும் அன்று, முற்றிலும் பழையதும் அன்று.

இன்னும் ஒன்று. அவ்வாண்டு ஜூலை மாதம் 18ஆம் நாள் ஞானசபைக்கு வழிபாட்டு விதி எழுதினார். அதனைப் படிப்போர் எழுதியவர் வள்ளலாரா நாவலரா என மயங்குவர், அத்துணை நுணுக்கம்! சபையினுள்ளே பித்தளைக் குத்துவிளக்கு ஆகாது. தகரக் கண்ணாடி விளக்கே வைத்தல் வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை தூசு துடைத்தல் வேண்டும். துடைப்போர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராதல் வேண்டும். அன்றேல் எழுபத்திரண்டு வயது கடந்த முதியோராதல் வேண்டும். பொருளிலும் போகத்திலும் இச்சையற்றவராய், நீராடிக் காலிலே துணி சுற்றிக்கொண்டு மெல்லெனப் புகுதல் வேண்டும். ஏனையோர் வெளியே நின்று மெல்லிய குரலில் துதித்தல் வேண்டும்.

விதிகளைக் கடந்தவர் ஏன் இவ்விதியை எழுதினார்? தம் அனுபவம் தம்மோடு மாய்ந்துவிடும் என்ற அச்சத்தினால் எழுதினார் என்றே நாம் கருதுகின்றோம். உள்ளத்திலே ஊறிய ஒன்றைப் பிறருக்குக் கைமாற்ற முற்படும் அக்கணமே அது முறையாகின்றது, விதியாகின்றது, கிரியையாகின்றது. நாவலருக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. வள்ளலாருக்கு முடிவிலே தெரிந்தது. ஆயின் இருவர் விதிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆகமவிதி யார் பூசிக்கலாம் என்பதைத் தீட்சையால் அளக்கின்றது. வள்ளலார் விதி அதனை ஆசையின்மையால் அளக்கின்றது. ஆசை இன்னும் முளையாத சிறுவரையும், அவிந்த முதியோரையும் தேடி அவர் வயதெல்லை வகுத்தமை, நம் சமய வரலாற்றிலே எவரும் எண்ணாத எண்ணம். தீட்சையையாவது கொடுத்துவிடலாம். ஆசையின்மையை யார் கொடுப்பது? அவ்விதியின் அழகும் அதுவே, அதன் நொய்ம்மையும் அதுவே.

அந்நொய்ம்மை அவர் இருக்கும்போதே வெளிப்பட்டது. மக்கள் சோறுண்ண வந்தனர். நோய் தீர வந்தனர். இறந்தோர் எழுவர் என நம்பியும் திரண்டனர். சித்தி காண வந்தோர் பலர். சித்திக்கு வாயிலான கருணையைக் கேட்க வந்தோர் சிலர். அவர் சபையைப் பூட்டித் திறவுகோலைத் தம்முடன் கொண்டு, தாம் 1870 முதல் உறைந்த மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்திலேயே தங்கிவிட்டார் என்பர். 1873ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் நாள் அங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருபதேசம் செய்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் நாள் நள்ளிரவிலே, அறையொன்றினுட் புகுந்து கதவைச் சார்த்தச் செய்தார். அதன்பின் அவரைக் கண்டார் எவருமிலர். 1878ஆம் ஆண்டு வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட வரலாற்று நூலிலே, அவர் அறையினுட் புகுந்து மறைந்த செய்தியை ஆங்கில அதிகாரி கார்ஸ்டின் குறித்துள்ளார். சோதியிலே கலந்தார் என்பர் அன்பர். நாம் அதைப்பற்றி வாதிட விரும்பவில்லை. வேலாயுத முதலியார் 1882 இல் தம் ஆசிரியரைப் பற்றிப் பிரமஞான சபையாரிடம் எழுத்து மூலம் சாட்சியம் அளித்தார். அதனால் மறைஞானம் தேடும் மேல்நாட்டார் சிலரும் அவரை அறிந்தனர்.

அவர் மறைந்தபின் ஞானசபை அடியார் ஒருவர் பொறுப்பிலும், பின் அவர் வழியினர் பொறுப்பிலும் வந்தது. எழுதிவைத்த விதி ஏட்டிலே இருந்தது. சபையிலோ மெல்ல மெல்ல இலிங்கம் வந்தது. பிற கோயில்களில் நடக்கும் கிரியைகள் வந்தன. செய்தவர் தீய எண்ணத்தாற் செய்தார் என்று நாம் கூறமாட்டோம். கோயில் என்றால் இப்படித்தான் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகள், காலியாக இருந்த இடத்தைத் தாமறிந்தவற்றால் நிரப்பின. மந்திரம் தெரியாத பதிலாள் கடற்கரையில் வந்து நின்றதையே நாம் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வாறு நடந்தபின், சன்மார்க்க அன்பர்களின் முறையீட்டின் பேரில், 1872ஆம் ஆண்டு விதிப்படியே வழிபாடு நடைபெற வேண்டுமெனத் தமிழ்நாட்டு இந்து அறநிலையத்துறை 2006 இல் ஆணையிட்டது. 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தம் உள்ளத்தையே சான்றாகக் கொண்டு வாழ்ந்தவரின் விருப்பம், நீதிபதிகள் ஏட்டைப் புரட்டி எழுதிய தீர்ப்பினாலேயே நிறைவேறியது.

தருமச்சாலையின் கதை வேறு. 1867 இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது எரிந்துவருகின்றது. அங்கே சோறு வடிப்போர்க்கு வயதெல்லை இல்லை. காலிலே துணி சுற்றவேண்டுவதும் இல்லை. தைப்பூசத்துக்கு வடலூர் சென்றுவந்த நம் பழைய மாணவர் சிலர், ஏழு திரையும் விலகச் சோதியைக் கண்டதைச் சொல்லுமுன், வரிசையில் அமர்ந்து உண்டதைச் சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம். பூசம் கழிந்த மூன்றாம் நாள் அவர்கள் மேட்டுக்குப்பத்துக்கு நடந்து சென்று, அவர் புகுந்த அறையை வெளியே நின்று வணங்கித் திரும்புகின்றனர்.